அந்தா, எங்கிட்டு? டாப்சிலிப் வேன் பயணத்தில் உகரச் சுட்டின் இழப்பு பற்றி ஓர் ஆய்வு

திண்டுக்கல்லுக்கு வடக்கே, தாடிக்கொம்பை அடுத்த அகரத்தில் விடியுமுன் வேன் ஏறி, ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி, சேத்துமடை என்று டாப்சிலிப் போகும் கூட்டம் காட்டெருமையைப் பார்க்காமலே திரும்புவது ஏன்? இந்தக் கேள்விக்கு இதுவரை வனத்துறையாரும் வேன் ஓட்டுநர்களும் மட்டுமே விடை சொல்லி வந்திருக்கிறார்கள். இலக்கணம் படித்தவர்கள் வாய் திறக்கவில்லை. டாப்சிலிப் இருக்கும், 1989இல் ஒரு பகுதி தேசியப் பூங்காவான ஆனைமலைக் காட்டில் விலங்குக்குப் பஞ்சமில்லை. யானை, காட்டெருமை, கடமான், புள்ளிமான், கருமந்தி, சிங்கவால் குரங்கு எல்லாம் உண்டு. வேனில் கண்ணுக்கும் பஞ்சமில்லை. ஆளுக்கு இரண்டு வீதம் இருக்கின்றன. இரண்டு பக்கமும் குறையில்லை என்றால் குறை நடுவில்தான் இருக்க வேண்டும். நடுவில் இருப்பது ஒரே ஒரு சொல்: "அந்தா!"

தமிழுக்குச் சுட்டெழுத்து மூன்று என்று தொல்காப்பியமும் நன்னூலும் சொல்கின்றன: அ, இ, உ. இகரம் கிட்ட இருப்பதற்கு, அகரம் எட்ட இருப்பதற்கு, உகரம் இரண்டுக்கும் இடைப்பட்டதற்கு. உது, உவன், உங்கே எல்லாம் யாழ்ப்பாணத்தார் நாக்கில் இன்றும் புழங்குகின்றன. இக்கரையில் அவை பாடநூலோடு சரி. ஜப்பானியரும் ஸ்பானியரும் மூன்று சுட்டுகளைச் சிந்தாமல் வைத்திருக்க, நாம்தான் ஒன்றைத் தொலைத்தோம். திண்டுக்கல் பக்கம் இங்கிட்டு உண்டு, அங்கிட்டு உண்டு, உங்கிட்டு கிடையாது. இந்தா, அந்தா உண்டு, உந்தா கிடையாது. இப்போது ஒரு வேன் கூட்டம் பகல் முழுக்கப் பார்த்ததை வகைப்படுத்துங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கிப்போகும் குரங்கு: இகரம், எல்லோரும் பார்த்தார்கள். மேகம் மூடிய மலைமுகடு: அகரம், அதையும் எல்லோரும் பார்த்தார்கள். முப்பது மீட்டர் தள்ளி, மூங்கில் புதருக்குள் கன்னங்கரேலென்று, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல் நிற்கிறதே காட்டெருமை, அது கிட்டவும் இல்லை, எட்டவும் இல்லை. அதைச் சுட்டச் சொல் இல்லை. அதனால் அது தெரிவதில்லை.

அகரத்தாருக்கு இதில் கூடுதல் சங்கடம். ஊரின் பெயரே சேய்மைச் சுட்டு. அகரம் என்பது அந்தணர் குடியிருப்பைக் குறிக்கும் பழஞ்சொல் என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் சொல்வார்கள். அந்த விளக்கம் இந்தக் கட்டுரைக்கு எவ்வகையிலும் உதவாததால் விட்டுவிடுகிறேன். சமவெளிக்காரர்கள் கைநீட்டிக் காட்டும் பொருள் எதுவும் நகர்வதில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டை நகராது, சிறுமலை நகராது, தாடிக்கொம்புப் பெருமாள் கோயில் கோபுரமும் நகராது. "அந்தா" என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்படி நிதானமாக வளர்ந்த ஒரு சொல்லை, தலையைத் திருப்பியதும் புதருக்குள் மறையும் பிராணியிடம் பிரயோகிப்பது பூட்டுக்கு வேறு சாவி போடுவதற்கு ஒப்பு. திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சொல் எதற்கு, விரல் போதாதா என்று கேட்கலாம். போதாது. முன் இருக்கைப் பையன் ஜன்னலுக்கு நேராக விரலை நீட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மீட்டர் பின்னால் இருக்கும் சித்தி அதே திசையில் தன் ஜன்னல் வழியே பார்த்தால், அவர் பார்வை விழும் இடமும் நான்கு மீட்டர் பின்னாலேயே இருக்கும். காட்டெருமையின் உடல் நீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர். ஆக ஒரு முழுக் காட்டெருமை, வாலும் கொம்புமாக, விரலுக்கும் சித்திக்கும் நடுவில் நழுவிவிடுகிறது. "சித்தி, அந்தா!" "எங்கிட்டுடா?" "அந்தா, அந்த மரத்துக்குப் பக்கத்துல!" எந்த மரம்? இங்கே வரலாறும் சதி செய்திருக்கிறது. மலை உச்சியிலிருந்து மரக்கட்டைகளைச் சரித்து உருட்டிய இடம் என்பதால்தான் டாப்சிலிப்புக்கு அந்தப் பெயர். வெட்டித் தீர்ந்த காட்டில் ஹூகோ வுட் என்ற ஆங்கிலேய வன அதிகாரி திரும்பத் தேக்கு வளர்த்தார். அவருடைய கல்லறையும் அங்கேயேதான் இருக்கிறது. நல்ல மனிதர். ஆனால் ஒரே மாதிரி நெடுநெடுவென்று நிற்கும் தேக்குகளுக்கு நடுவே "அந்த மரம்" என்ற தொடருக்குப் பொருளே இல்லாமல் செய்துவிட்டார்.

கூச்சலில்தான் விலங்கு ஓடுகிறது என்பது ஓட்டுநர்களின் மறுப்பு. ஆனால் வேனும் அதன் ஸ்பீக்கரும் நிறுத்துமிடத்தோடு நின்றுவிடுகின்றன. காட்டுக்குள் கூட்டிப்போவது வனத்துறை வண்டி. அதில் மிஞ்சும் கூச்சல் "எங்கிட்டு, எங்கிட்டு" என்பது மட்டுமே. ஆகவே கூச்சல் நோயன்று, நோயின் குறி. பறவை பார்ப்பவர்கள் செய்வதுபோல் கடிகார முள்ளை வைத்துத் திசை சொல்லலாமே என்பார் சிலர். வண்டியில் "ரெண்டு மணி!" என்று கத்தினால் பாதிப் பேர் புளிச்சோற்றுத் தூக்கைத் திறப்பார்கள். கடைசி மறுப்பு கொஞ்சம் வலுவானது: அப்படியானால் உகரம் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தார் வில்பத்துவிலும் யாலவிலும் நம்மைவிட அதிகமாகச் சிறுத்தை பார்க்க வேண்டுமே? யாலவில் சிறுத்தை நன்றாகவே கண்ணில் படுகிறது என்பது உலகறிந்தது. அதற்குச் சிறுத்தைகளின் அடர்த்தியே காரணம் என்று காட்டுயிர் ஆய்வாளர்கள் சொல்வதை மறுக்கும் தகுதி எனக்கில்லை; ஏற்கும் அவசியமும் இல்லை.

சான்று இன்னும் வேண்டுவோர் திரும்பும் வழியைக் கவனிக்கலாம். பொள்ளாச்சி தாண்டியதும் பாதி வேன் தூங்கிவிடும். காட்டெருமையைப் பார்த்த பையன், தான் பார்த்ததை நம்ப ஆளில்லாமல் ஜன்னலோரம் உம்மென்று இருப்பான். உடுமலையும் மடத்துக்குளமும் கழிந்து, இருட்டில் பழனி மலைக்கோயில் விளக்குகள் தெரிந்ததும் யாரோ ஒருவர், மெதுவாகத்தான், "அந்தா" என்பார். எங்கிட்டு என்று ஒருவரும் கேட்பதில்லை. அரைத்தூக்கத்திலேயே வேன் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.