காக்காய்க்குப் பெரட்டு

புக்கிட் ரோத்தான், ஜெராம், தஞ்சோங் காராங் என்று எங்கள் பக்கம் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் ரப்பர்த் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கி ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர் இருப்பார். தோட்டம் துண்டாகி வீடுகளாகிவிட்டது. அதட்ட ஆளும் இல்லை, சீவ மரமும் இல்லை. குரல் மட்டும் குறையாமல் இருக்கிறது. அந்தக் குரலுக்கு ஒரு வேலை வேண்டுமே என்றுதானோ என்னவோ, மகன் கூடாரம் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுகிறான். பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளோடு பந்தாய் ரெமிஸ் கடற்கரைக்குப் போக.

காடி நின்றதும் பிள்ளைகள் கடலைப் பார்ப்பார்கள். மண்டோர் தரையைப் பார்ப்பார். தோட்டத்தில் காலையில் ஆள்களை நிறுத்திப் பேர் போட்டதுபோல, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் பெரட்டு எடுப்பார்.

“பறவைய மேல தேடாத தம்பி, கீழ தேடு.”

மண்ணில் வெள்ளைப்புள்ளி தெரிந்தால் அந்த மரம் தள்ளுபடி. செர்ரி மரமென்றால் கிட்டவே போகமாட்டார். “மைனாவுக்கு அது சாப்பாட்டுக்கடை. கடை இருக்கிற எடத்துல கக்கூஸும் இருக்கும்.” கடைசியில் மொட்டை வெயிலில் இடம் பிடிப்பார். வெயிலும் துணியை அரித்துவிடும் என்பதால் கூடாரத்துக்கு மேலே ஒரு தார்ப்பாய். தார்ப்பாய் புதுசாயிற்றே, அதன்மேல் எச்சம் விழலாமா? அதற்கு மேலே ஒரு பழைய கைலி. இவ்வளவும் கட்டி முடிக்கையில் பிள்ளைகள் கடலில் குளித்துவிட்டுப் பசியோடு வந்து நிற்பார்கள்.

அப்படியும் விழும். கைலிக்கும் தார்ப்பாய்க்கும் தப்பி, வாசல் ஓரமாகத்தான் விழும். மருமகப்பிள்ளை நல்லெண்ணத்தில் தென்னந்துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வருவார், பாவம்.

“டேய்! காயம் போட்டுட்டியே!”

பால்வெட்டில் கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கினால் எழும் அதே கூச்சல். “பட்டையிலதான் பால் இருக்கு. பட்டை போனா மரம் போச்சு. இந்தத் துணிக்கு உள்பக்கம் பூச்சு இருக்கு பாரு, அதான் பட்டை. அது போனா மழை உள்ள வந்து படுத்துக்கும்.”

சும்மா சொல்லக்கூடாது, மண்டோர் சொல்வதில் விஷயம் உண்டு. எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். தண்ணீரில் லேசில் கரையாது. காய்ந்ததைச் சுரண்டினால் அதிலுள்ள விதையும் மணலும் துணியைக் கீறும், தூசி மூக்கில் ஏறும். அதனால் ஈரத்துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு ஊறவிடுவார். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், சொட்டு சவர்க்காரம், மெத்தென்ற பஞ்சு. குளோரோக்ஸ் என்று யாராவது வாயெடுத்தால் அன்றைக்கு அவர்களுக்குப் பேர் போடமாட்டார். வீட்டுக்கு வந்ததும் நிழலில் முழுக்கக் காயவைத்துத்தான் மடிப்பார்.

இவ்வளவுக்கும் முக்கால்வாசிக் குற்றவாளி காக்காய்தான். அதன் கதையும் எங்கள் கதை மாதிரிதான். 1890களில் கிள்ளான் காப்பித் தோட்டங்களில் புழு தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். காப்பி போனது. கித்தா வந்து, அதுவும் குறைந்து, செம்பனை வந்தது. காக்காய் மட்டும் ஊர் திரும்பவில்லை. கிள்ளான் நகராண்மைக் கழகம் சுட்டுக்கூடப் பார்த்தது, நடக்கவில்லை.

மண்டோருக்கு இதில் ஒரு சங்கடம். கடற்கரையில் “சூ!” என்று கல்லெடுத்த அதே கை, ஆடி அமாவாசைக்கு வாழையிலையில் சோறும் வடையும் வைத்து, “கா... கா...” என்று கூப்பிட்டாக வேண்டும்.

போன ஆடியில் எங்கள் தாமான் மண்டோர் அப்படித்தான் கூப்பிட்டார். பின்வாசல் கொடியில் கழுவின கூடாரம் காய்ந்துகொண்டிருந்தது. காக்காய் வந்தது, வடையை மட்டும் எடுத்தது, கொடியில் போய் உட்கார்ந்தது. தின்றது. வாலைத் தூக்கியது.

மண்டோர் வாயைத் திறந்தார்.

“ஏங்க, சத்தம் போடாதீங்க,” என்றார் அவர் மனைவி. “மாமாவா இருக்கப்போகுது.”

மாமாவும் அதே தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். மகனைவிடக் குரல் பெரிது. வீட்டில் கட்டில் இருக்க வெளியே போய்ப் படுப்பவனைக் கண்டால் அவருக்கு ஆகாது.

காக்காய் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. மண்டோர் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்.

“ஈரத்துணி கொண்டா புள்ளே,” என்றார், பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காமல். “பத்து நிமிசம் ஊறட்டும்.”