தீ மூட்டி இனிப்புச் செய்ய ஆசைப்படுவோருக்கு: ஓர் அண்ணாமலைக் கையேடு

யாருக்கு இது?

வெள்ளி இரவு சென்னையிலிருந்து காரில் திருவண்ணாமலைக்குக் கிளம்பி, சனிக்கிழமை மதியம் வரை விடுதியில் தூங்கி, சாயங்காலம் எழுந்ததும் "வெட்டவெளியில தீ மூட்டி ஏதாவது ஸ்வீட் பண்ணலாமா?" என்று கேட்கிற நண்பர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருக்கிறார். அவரைத் தடுக்க முடியாது. அவருக்காகவும், வேறு வழியின்றி அவரோடு போகிறவர்களுக்காகவும் இந்தக் கையேடு. முன் அனுபவம் தேவையில்லை. கேஸ் அடுப்பில் பாலைப் பொங்க விடாமல் காய்ச்சத் தெரியாதவர்கள்தான் இந்த வேலையில் அதிகத் துணிச்சலோடு இறங்குகிறார்கள்.

படி 1: இடம் பிடித்தல்

மலை வேண்டாம். அண்ணாமலைச் சரிவு காப்புக்காடு. 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். கோடையில் அங்கே காய்ந்து நிற்கும் புல்லுக்கு ஒரே ஒரு பொறி போதும், பல வருஷமாக நட்டு வளர்த்த மரக்கன்றுகள் ஒரே இரவில் போய்விடும். கார்த்திகை தீபத்தன்று மலையேற அனுமதி பெற்றவர்கள்கூடத் தீப்பெட்டியும் கற்பூரமும் கொண்டுபோகக் கூடாது. சாமியே நெருப்பாக நிற்கும் மலைக்குத் தீப்பெட்டி ஆகாதா என்று கேட்காதீர்கள். சொந்தமாக வைத்திருப்பவருக்கு நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை.

கிரிவலப் பாதையும் வேண்டாம். பௌர்ணமி இரவில் அந்த 14 கிலோமீட்டரில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். நீங்கள் மூன்று கல்லைக் கூட்டி வைத்த ஐந்தாவது நிமிடம் எதிரே ஒரு வரிசை நிற்கும். அன்னதானம் என்று நினைத்துக் கை நீட்டுவார்கள். தீபத் திருவிழாவில் அன்னதானம் போட முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். "இது அன்னதானம் இல்ல சார், டெஸர்ட்" என்று எழுதிக் கொடுக்க எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

ஆக, செங்கம் சாலையிலோ தண்டராம்பட்டுப் பக்கமோ நிலம் வைத்திருக்கும் பெரியப்பா ஒருவரைக் கண்டுபிடியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நண்பரின் பெரியப்பா. அவர் பம்புசெட்டுக்குப் பக்கத்தில், வைக்கோல்போர் இருக்கும் திசைக்கு நேர் எதிர்த்திசையில் அடுப்பைப் போடுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவின் முகத்தையும் அப்படியே.

படி 2: தீயை மூட்டுதல், பிறகு சும்மா இருத்தல்

இந்த ஊருக்கு வருகிறவர்களுக்குச் சின்னத் தீ கண்ணில் நிற்காது. அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. கார்த்திகையன்று மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர உச்சியில் மகா தீபம் ஏறுகிறது. கொப்பரையில் ஆயிரக்கணக்கான கிலோ நெய், ஆயிரம் மீட்டருக்குக் குறையாத துணித் திரி. பர்வதராஜ குலத்தார் ஏற்றி வைத்தால் 11 நாள் எரியும். அதே நாளில் கோயில் வாசல்களில் பனைமரத்தை நட்டு, ஓலை கட்டிச் சொக்கப்பனை கொளுத்துகிறார்கள். இதையெல்லாம் பார்த்த கையோடு அடுப்பு மூட்டினால் ஆள் உயரத்துக்குத்தான் மூட்டத் தோன்றும்.

ஆனால் அவை கும்பிடுகிற தீ. சொக்கப்பனையில் யாரும் பாயசம் காய்ச்சியதில்லை. சர்க்கரை 170 டிகிரி வாக்கில் பொன்னிறமாகும், அதைத் தாண்டினால் கசக்கும். விறகின் சுவாலையோ அதைப் போலப் பல மடங்கு சூடு. இனிப்புக்கு வேண்டியது எரிந்து ஓய்ந்த தீ. கங்கு சிவந்து, மேலே சாம்பல் வெள்ளையாகப் படரும் வரை ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கையேட்டிலேயே கடினமான படி இதுதான், பாதிப் பேர் இங்கேயே தோற்றுவிடுகிறார்கள். பொழுது போகாவிட்டால் போட்டோ எடுங்கள். கங்கு விழுந்தபிறகு போட்டோவுக்கு ஒன்றும் இருக்காது, சமையலுக்குத்தான் இருக்கும்.

விறகு: புளியும் வேலிகாத்தானும் நின்று எரியும், நல்ல கங்கு தரும். தென்னை மட்டையும் பனையோலையும் பற்றவைக்க மட்டும். பார்க்க நேராக, அழகாக இருக்கிறதே என்று அரளிக் குச்சியை ஒடிக்காதீர்கள். மரம் முழுக்க விஷம், புகைகூட ஆகாது.

படி 3: பண்டம் தேர்தல்

மார்ஷ்மெல்லோ: சுட்ட மார்ஷ்மெல்லோவையும் சாக்லேட்டையும் இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே வைக்கிற செய்முறை 1927இல் அமெரிக்கச் சாரணச் சிறுமிகளுக்கான புத்தகம் ஒன்றில் அச்சானது. பிழையில்லாத செய்முறைதான். ஆனால் அந்த வெள்ளைத் துண்டுகளில் பெரும்பாலானவை மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. கிரிவலம் முடித்து வந்த அத்தை பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டால் உங்கள் முகாம் அன்றிரவே கலைக்கப்படும்.

சர்க்கரைப் பொங்கல்: ஒரு பங்கு பச்சரிசி, கால் பங்கு பாசிப்பருப்பு, இரண்டு பங்கு வெல்லம். அரிசி நன்றாகக் குழைந்த பிறகே வெல்லம். முந்திப் போட்டால் அதற்கப்புறம் அரிசி வேகாது, விடிய விடிய எரித்தாலும் நறுக்கரிசியாகவே நிற்கும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள், மண் இருக்கும். விடாமல் கிளறுங்கள். திருமால் தேடியும் காணாத அடியை, ஐந்து நிமிடம் கவனம் தப்பினால் உங்கள் கரண்டி கண்டுபிடித்துவிடும். கருப்பாக இருக்கும்.

மல்லாட்டை உருண்டை: உள்ளூர்ச் சரக்கு. வேர்க்கடலை என்று கேட்டால் வெளியூர் என்று தெரிந்து விலை கூடலாம், மல்லாட்டை என்றே கேளுங்கள். கங்கில் வறுத்து, தோல் ஊதி வைத்துக்கொள்ளுங்கள். வெல்லப் பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தத்துக்கும் கருகலுக்கும் நடுவே மிகக் கொஞ்ச நேரம்தான். பாகு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும், ஆறாததால் கை சுடும். கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு, குழுவிலேயே பொறுமைசாலியை உருட்டச் சொல்லுங்கள்.

சுட்ட தேங்காய்: கையேட்டின் பரிசு பெற்ற பண்டம். இதற்குப் பாத்திரமே வேண்டாம். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கம் ஆடி முதல் நாளில் தெருவெல்லாம் இதுதான். பாரதப் போர் அன்று தொடங்கி ஆடி 18இல் முடிந்ததாக அங்கே கதை சொல்வார்கள். முற்றிய தேங்காயின் நாரை ஒன்று விடாமல் உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்குங்கள். ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை இறுத்துவிட்டு, வெல்லம், பொட்டுக்கடலை, அவல், எள், ஊறிய பாசிப்பருப்பு எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, இறுத்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றுங்கள். தோல் சீவி மஞ்சள் பூசிய அழிஞ்சிக் குச்சியைக் கூராக்கி அந்தக் கண்ணிலேயே செருகினால் அதுவே மூடி, அதுவே பிடி. தீக்கு மேலே திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். ஓடு கறுத்து விரிசல் விட்டதும் எடுத்துப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டு உடையுங்கள். தேங்காயும் வெல்லமும் ஒன்றோடொன்று வெந்து, புகை வாசத்தோடு புட்டுப் போலத் திரண்டிருக்கும். கேமராவுக்கும் இது இணக்கமான பண்டம், பத்துப் பேர் பத்துக் குச்சியோடு வட்டமாக நிற்கலாம்.

படி 4: ஆலோசகர்களைச் சமாளித்தல்

தீ கண்டால் ஆள் கூடும். முதலில் பெரியப்பா: "இன்னா தம்பி, கல்லை இப்பிடியா வெப்பாங்க?" அடுத்து பெரியம்மா, விறகை வெளியே இழுப்பார். அவர் போனதும் மாமா வந்து உள்ளே தள்ளுவார். யாரையும் மறுக்க வேண்டாம். மாமாவிடம் ஒரு குச்சியைக் கொடுத்துக் காற்று வரும் பக்கத்துக்கு எதிரில் உட்கார வையுங்கள், மீதியைப் புகை பார்த்துக்கொள்ளும். பெரியம்மாவை மட்டும் அடுப்பருகே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இதைத் தெரிந்து செய்பவர் அவர் ஒருவர்தான்.

சந்தேகமும் தெளிவும்

*கே:* வெல்லம் போட்டதும் பால் திரிந்துவிட்டதே?
*ப:* சூடான பாலில் வெல்லம் விழுந்தால் திரியும். ஆறவிட்டுக் கலக்க வேண்டும். இப்போதைக்கு அதைப் புது வகை என்று சொல்லிப் பரிமாறுங்கள்.

*கே:* தேங்காய் வெடிக்குமா?
*ப:* தண்ணீரை இறுக்காமல் அடைத்தால் வெடிக்கலாம். முகத்தை மேலே நீட்டிக்கொண்டு பார்க்காதீர்கள்.

*கே:* தீயை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கலாமா?
*ப:* கூடாது. பம்புசெட் எதற்கு இருக்கிறது? தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கை வைத்துப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

*கே:* பாத்திரத்தில் பிடித்த கரியை என்ன செய்வது?
*ப:* அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே அடிப்புறத்தில் களிமண் குழைத்துப் பூசியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. மகா தீபக் கொப்பரையில் சேரும் மையை ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தி, பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். உங்கள் கரிக்கு அந்த மரியாதை கிடையாது. இந்த யோசனையை முதலில் சொன்ன நண்பரை எழுப்பி, தேங்காய் நாரும் சாம்பலும் கையில் கொடுங்கள்.