கேபிளுக்கும் தாகம் எடுக்கும்

கேள்வி: மின்சாரமும் தண்ணீரும் சேரவே கூடாது என்பார்கள். ஆனால் புதைத்த மின்கேபிளைச் சுற்றி மண் ஈரமாக இருப்பதே நல்லது என்கிறார் என் இன்ஜினீயர் மச்சான். யாரை நம்புவது?

பதில்: மச்சானை நம்புங்கள்! தண்ணீர் கேபிளின் உறைக்குள் போகக் கூடாது. வெளியே மண்ணில் இருக்க வேண்டும். மின்சாரம் ஓடினால் கேபிள் சுடும். எக்ஸ்எல்பிஇ என்ற பிளாஸ்டிக் காப்புப் போட்ட கேபிளின் கடத்தி தொடர்ந்து தாங்குவது 90 டிகிரி செல்சியஸ் வரைதான். அந்தச் சூட்டை வாங்கிக் கடத்துவது சுற்றியுள்ள மண். மணலின் இடுக்குகளில் நீர் இருந்தால் வெப்பம் சுலபமாக வெளியேறும்; நீர் போய்க் காற்று புகுந்தால், சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திய கதைதான். சூடான கேபிளே பக்கத்து ஈரத்தைத் துரத்தும். காய்ந்த மண் கேபிளை இன்னும் சூடாக்கும்.

1998 ஜனவரி, பிப்ரவரியில் நியூஸிலாந்தின் ஆக்லாந்தில், நகர மையத்துக்கான நான்கு 110 கிலோவோல்ட் கேபிள்களும் அடுத்தடுத்துப் பழுதாகின. சுமார் ஐந்து வாரம் அல்லாடியது ஊர். கேபிள்கள் சிலவற்றின் வயது ஒரு காரணம். கணக்குப் போட்டதைவிட மோசமாக வெப்பம் கடத்திய வறண்ட மண் இன்னொன்று.

இதற்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். காய்ந்தாலும் வெப்பம் கடத்தும்படி, பல அளவுத் துகள்கள் கொண்ட மணலில் கொஞ்சம் சிமென்ட் கலந்து பள்ளத்தை நிரப்புகிறார்கள். கூடவே ஆப்டிகல் ஃபைபர் பதித்து, தடம் முழுக்கச் சூட்டை அளக்கிறார்கள். கேபிளுக்குச் செலவழிக்கும் ஊர், அது படுத்திருக்கும் மண்ணையும் சோதித்துவிட வேண்டும். மின்சாரம் தடையில்லாமல் வர அதுவே வழி.