ஒரு கிலோ காமிராக்காரர்

காமிரா ஒன்று வாங்கலாமே என்று ஒருவன் மனத்தில் நினைத்த மாத்திரத்தில், அந்த நினைப்பை மோப்பம் பிடித்து வந்து சேர்கிற ஒருவர் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார். அவர் கழுத்தில் 2008-ஆம் வருஷத்து நிக்கான் டி700 தொங்கும். பாட்டரி போடாமலே அதன் எடை 995 கிராம். லென்ஸும் சேர்ந்த அந்தப் பாரத்தைப் பல்லாண்டு சுமந்ததால் அவர் சற்று முன்குனிந்தே நடப்பார். அதை விநயம் என்று எண்ணி ஆலோசனை கேட்கப் போய் அகப்பட்டுக்கொண்டவர் பலர்.

கடையில் புதிதாக விற்கும் தொடக்கநிலைக் காமிரா எதுவாயினும் அது வெறும் பிளாஸ்டிக் என்பதும், அமெரிக்காவில் 3,000 டாலருக்கு வெளிவந்து கைமாறிக் கைமாறி விலை இறங்கிய மக்னீசியம் உடம்புக்காரியே காமிரா என்பதும் அவருடைய சித்தாந்தம். அப்படியொன்றைப் பார்க்க அவர் புறப்பட்டால், அது பெண் பார்க்கும் வைபவம்தான். ஷட்டர் கவுண்ட் என்னும் ஜாதகத்தை முதலில் வாங்கிப் பார்ப்பார்; கம்பெனி விதித்த 1,50,000 கிளிக் என்னும் ஆயுளில் எவ்வளவு கழிந்தது என்று கணக்கிடுவார்; "கலியாண போட்டோகிராபர் கையில் இருந்ததா?" என்று குரலைத் தாழ்த்தி விசாரிப்பார். பிறகு லென்ஸைக் கழற்றி உள்ளே வெளிச்சம் காட்டிப் பார்த்து, ரப்பர் உறையின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் நெருடி, கடைசியாகக் காமிராவைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஷட்டரை அமுக்குவார். அந்த ஓசையில் அவர் முகம் மலர்வதைக் கண்டதும், விற்பவர் மௌனமாக ஆயிரம் ரூபாய் ஏற்றிவிடுவார்.

அவர் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. டி700-இன் வியூஃபைண்டரில் ஒரு முறை கண் வைத்தவனுக்கு, 2018-இல் வந்த தொடக்கநிலை நிக்கான் டி3500-இன் வியூஃபைண்டர் சாவித்துவாரமாகவே தோன்றும். முன்னதில் கண்ணாடிக் கட்டியால் ஆன பிரிசம், பின்னதில் சிறு கண்ணாடிகளை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். பழையதில் விரலுக்கொன்றாக இரண்டு சக்கரங்கள்; புதியதில் ஒன்றே. பழைய 50 மி.மீ. டி-ரக லென்ஸைத் தானே ஃபோகஸ் செய்விக்கும் மோட்டார் பழைய உடம்பில் உண்டு. புதியதில் இல்லாததால் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த மட்டில் நிறுத்தினால் அவர் மகான். ஆனால், புதியதற்கு 24.2 மெகாபிக்சல், தம்முடையதற்கு 12.1 என்று எவரேனும் பிரஸ்தாபித்தால், "எண்ணிக்கையா பிரதானம்?" என்று வேதாந்தியாகிவிடுவார், எண்ணிக்கை பிரதானம் என்பது ஷட்டர் கவுண்டுக்கு மட்டுமே பொருந்தும். தம் காமிராவில் வீடியோவே இல்லை என்பதையோ அவர் ஒரு குறையாக நினைப்பதில்லை, ஒழுக்கமாகவே கருதுகிறார்.

அண்மையில் ஒரு காதுகுத்தில் அவரைக் கண்டேன். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்ட சமயத்தில், அந்தக் காமிராவின் கம்பீரத்துக்கே அஞ்சிக் கூட்டம் விலக, முன்னே சென்று நாலைந்து படம் எடுத்தார். நன்றாகவே எடுத்தார் என்று பின்புறத் திரையே சாட்சி சொல்லிற்று.

"அண்ணே, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்" என்றாள் குழந்தையின் அத்தை.

"சி.எஃப். கார்டு அம்மா, இதற்கென்று ரீடர் வேண்டும். வீட்டில் இருக்கிறது. ரா-வில் எடுத்திருக்கிறேன்; நிதானமாகப் பக்குவப்படுத்தி அனுப்புகிறேன்."

அவர் ரா-வின் மகிமையை விவரித்துக்கொண்டிருக்கையிலேயே, டி3500 வைத்திருந்த சிற்றப்பா மகனின் காமிரா, அவன் எடுத்த படத்தின் 2 மெகாபிக்சலாகச் சுருக்கிய பிரதியைப் புளூடூத் வழியே அவன் போனுக்குத் தானே அனுப்ப, அது உறவினர் போன்களையெல்லாம் சுற்றி இவரிடமும் வந்து சேர்ந்தது. இரண்டு விரல்களால் படத்தை விரித்து, குழந்தையின் கண் இமையில் நின்ற நீர்த்துளி வரைக்கும் வெகு நேரம் பரிசீலித்தார்.

"லென்ஸ் அபாரம். என்ன லென்ஸ், தம்பி?"

"பெட்டியோடு வந்த 18-55 தான், அண்ணே."

"வெளிச்சம் நன்றாக அமைந்துவிட்டது" என்று தீர்ப்பளித்துவிட்டுப் பந்திக்கு எழுந்தார்.