விளக்கு அணையவில்லை, இறங்கலாமா?

கேள்வி: பாழுங்கிணற்றில் இறங்கும் முன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். பாதாளச் சாக்கடைக்கும் அது பலிக்குமா?
– ஒரு வாசகர், களமருதூர்

பதில்: விபரீதமாகப் பலிக்கும்! காற்றில் 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் 16 வாக்கில் குறைந்தால் விளக்கு அணையும். அந்த அளவில் பெரியவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் சாக்கடையில் மீத்தேன் குடியிருக்கிறது. அது விளக்கை அணைக்காது, உங்களையும் சேர்த்துக் கொளுத்திவிடும்.

அதைவிட மோசமான ஆள் ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றைவிடக் கனம் என்பதால் அடியில் தேங்கி நிற்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடியதும் நாற்றமே தெரியாது. 'அப்பாடா, போய்விட்டது' என்று நினைப்பீர்கள். போனது உங்கள் மூக்கு! அடுத்தது மூச்சு. பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு இருந்தால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். விளக்கோ சமர்த்தாக எரிந்துகொண்டிருக்கும்.

விழுந்தவரைத் தூக்க இன்னொருவர், அவரைத் தூக்க மற்றொருவர் என்று குதிப்பதால்தான் செய்திகளில் மூன்று, நான்கு பேராகச் சாகிறார்கள்.

பாதுகாப்பு இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மீறி ஓர் உயிர் போனால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கழிவுநீர் லாரி வாடகை அவ்வளவு ஆகாது, ஐயா. யாராவது உள்ளே விழுந்துவிட்டால் குதிக்காதீர்கள், 112-ஐக் கூப்பிடுங்கள்.