ஆயில் ஃபில்டர் இலக்கணம்

பொருள் வரையறை

ஆயில் ஃபில்டர் என்பது கார் வைத்திருப்பவர் உள்ளே பார்க்காமல் வாங்கி, உள்ளே பார்க்காமலே தூக்கிப் போடும் தகர டப்பா. எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பிலிருந்து பம்ப் இழுத்து அனுப்பும் எண்ணெய், பேரிங்குகளுக்குப் போகும் வழியில் இதற்குள் புகுந்து உலோகத் துகள், திரண்ட கரி, தூசி ஆகியவற்றை இறக்கி வைத்துவிட்டு வெளியேறுகிறது. இதன் தொழில் இவ்வளவுதான். ஆனாலும் எந்த ஃபில்டர் நல்லது என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டால், டீக்கடையில் நிற்கும் நால்வரிடமிருந்து ஐந்து கருத்துகள் கிடைக்கும். அவற்றை வகுத்தும் தொகுத்தும் ஆராய்ந்து, எது நிற்கும், எது நிற்காது என்று காட்டுவதே இந்த ஆய்வின் நோக்கம்.

ஆய்வின் எல்லை பெட்ரோல், டீசல் கார்களோடு முடிகிறது. மின்சாரக் காரில் எஞ்சின் எண்ணெய் இல்லை. எனவே அதன் உரிமையாளருக்கு இத்துறையில் கருத்துச் சொல்லும் உரிமை மட்டும் உண்டு.

தோற்றமும் வளர்ச்சியும்

ஆதிகாலக் கார்களில் ஃபில்டர் கிடையாது. சம்ப்பில் ஒரு கம்பி வலை இருந்தது. அது பெரிய துண்டுகளைப் பிடித்தது. சிறியவை எண்ணெயோடு சேர்ந்து எஞ்சினை வலம் வந்தன. அதனால் எண்ணெயையே அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாந்து, ஜார்ஜ் கிரீன்ஹால் ஆகிய இருவரும் 1920-களின் தொடக்கத்தில் காருக்கென்று ஒரு வடிகட்டியை உருவாக்கி, அதற்குப் பியூரோலேட்டர் என்று பெயர் வைத்தனர். 1924-இல் அறிமுகமான கிரைஸ்லர் காரில் ஆயில் ஃபில்டர் இடம்பெற்றது.

அக்கால ஃபில்டர், பம்ப் அனுப்பும் எண்ணெயில் ஒரு சிறு பங்கை மட்டும் வாங்கிச் சுத்தம் செய்து சம்ப்புக்குத் திருப்பியது. மீதி எண்ணெய் அழுக்கோடு பேரிங்குக்குப் போயிற்று. சுற்றிச் சுற்றி வருவதில் எல்லாத் துளிகளுக்கும் என்றாவது முறை வரும் என்பது அதன் நம்பிக்கை. எண்ணெய் முழுவதையும் வடிகட்டியே அனுப்பும் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவலாயிற்று. 1950-களின் நடுவில் டப்பாவோடு திருகிப் பொருத்தும் 'ஸ்பின்-ஆன்' ஃபில்டர் வந்தது. அதுவரை கிண்ணத்தைக் கழற்றி, உள்ளிருக்கும் எலிமென்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இன்று பல ஐரோப்பிய எஞ்சின்கள் மறுபடியும் எலிமென்ட் முறைக்கே திரும்பிவிட்டன. தூக்கிப் போட வேண்டிய தகரம் அதில் இல்லை என்பது ஒரு காரணம். கைவிடப்பட்ட வழக்கம் புதுமை என்ற பெயரில் திரும்பி வருவது ஆயில் ஃபில்டருக்கு மட்டும் உரிய இயல்பன்று.

உறுப்பியல்

ஸ்பின்-ஆன் ஃபில்டரின் உறுப்புகள் ஏழு: டப்பா, அடித்தட்டு, ரப்பர் வாஷர், மடிப்புத்தாள், நடுக்குழல், வடிதடுப்பு வால்வு, பைபாஸ் வால்வு. இவற்றுள் முதல் மூன்றும் கண்ணுக்குத் தெரிபவை. விலையைப் பெறுபவை பின் நான்கும்.

அடித்தட்டில் வட்டமாகச் சில சிறு துளைகளும் நடுவில் மரையுள்ள ஒரு பெரிய துளையும் இருக்கும். எண்ணெய் சிறு துளைகள் வழியே நுழைந்து, மடிப்புத்தாளை வெளியிலிருந்து உள்நோக்கிக் கடந்து, நடுக்குழலில் சேர்ந்து, பெரிய துளை வழியே எஞ்சினுக்குத் திரும்புகிறது. தாள் மரக்கூழால் ஆனதாகவோ, கண்ணாடி இழை, பாலியெஸ்டர் கலந்ததாகவோ இருக்கும். கைக்குள் அடங்கும் டப்பாவில் அதிகப் பரப்பை நுழைப்பதற்காகவே அதை விசிறிபோல் மடிக்கிறார்கள்.

வடிதடுப்பு வால்வு என்பது சிறு துளைகளுக்குப் பின்னால் படுத்திருக்கும் ரப்பர் வளையம். எஞ்சினில் படுக்கை வாக்கிலோ தலைகீழாகவோ மாட்டப்படும் ஃபில்டரிலிருந்து, வண்டி நிற்கும்போது எண்ணெய் சம்ப்புக்கு வடிந்துவிடாமல் இது காக்கிறது. இது பழுதானால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் எண்ணெய் மேலே ஏறும்வரை எஞ்சின் சில நொடி கடகடக்கும். வளையம் நைட்ரைல் ரப்பரால் ஆனதென்றால் சூட்டில் நாளடைவில் விறைக்கும். சிலிக்கோன் அதைவிடக் கூடுதல் காலம் தாங்கும்.

பைபாஸ் வால்வு என்பது ஸ்பிரிங் பூட்டிய ஒரு கதவு. தாள் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டாலோ, தாளின் இருபுறத்துக்கும் இடையே அழுத்த வேறுபாடு பெரும்பாலும் 1 பாரை ஒட்டிய அளவை எட்டும்போது இது திறந்து, எண்ணெயை வடிகட்டாமலே விட்டுவிடும். எண்ணெயே வராமல் இருப்பதைவிட அழுக்கு எண்ணெய் வருவது மேல் என்பது இதன் கொள்கை. சில எஞ்சின்களில் இந்த வால்வு ஃபில்டருக்குள் இல்லாமல் எஞ்சின் பக்கமே இருக்கும்.

அளவையியல்

தமிழ்த் தருக்க மரபு, ஒன்றை அறிவதற்கான வழிகளுள் தலையாயவையாகக் காண்டல், கருதல், உரை ஆகிய மூன்றையும் வைக்கிறது. நல்ல ஃபில்டரை அறியவும் இம்மூன்றையே மக்கள் கையாளுகின்றனர். அவற்றை முறையே காண்போம்.

காண்டல்: டப்பா மூடியிருக்கிறது. அதை ஆக்ஸா பிளேடால் அறுத்துப் பார்ப்பவர் ஐயம் தீர்ந்தவராகவும், அதே கணத்தில் ஃபில்டர் இல்லாதவராகவும் ஆகிறார். அறுத்ததைக் கொண்டு அறுக்காத இன்னொன்றைப் பற்றி அவர் சொல்வது காண்டல் ஆகாது. அது அடுத்த வகையில் சேரும். அறுக்காமல் காணக்கூடியவை மரையின் சுத்தம், வாஷர் பள்ளத்தில் ஒழுங்காக அமர்ந்திருப்பது, துளை வழியே தெரியும் ரப்பர், டப்பாவில் நசுங்கல் இன்மை ஆகியவை. இவை கெட்ட ஃபில்டரைக் கழிக்க உதவும். நல்லதைக் காட்டித் தர மாட்டா.

கருதல்: இது நான்கு கிளைகளாகப் பிரிந்துள்ளது. எடைவாதிகள் இரண்டு ஃபில்டர்களை இரு கைகளில் ஏந்தி, கனமானது நல்லது என்பர். கனம் தகரத்தின் தடிமனைச் சொல்லுமேயன்றித் தாளின் தரத்தைச் சொல்லாது. நிறவாதிகள் துளைக்குள் எட்டிப் பார்த்து, ஆரஞ்சு நிற வால்வு என்றால் சிலிக்கோன் என்று முடிவு கட்டுவர். சிலிக்கோன் பல இடங்களில் அந்த நிறத்தில் வருவது உண்மை. ஆனால் ரப்பருக்கு எந்த நிறமும் ஊட்டலாம். பருமன்வாதிகள் அதே மரையுள்ள பெரிய ஃபில்டரை மாட்டினால் அழுக்குப் பிடிக்க இடம் கூடும் என்பர். வாஷரின் விட்டம், வால்வுகளின் அமைவு, பைபாஸ் திறக்கும் அழுத்தம், கீழே தரை இடைவெளி ஆகிய அனைத்தும் பொருந்தினால் அவர்கள் சொல்வது சரி. அத்தனையும் சரிபார்த்த பருமன்வாதி அரிது. விலைவாதிகள் விலை கூடியதே நல்லது என்பர். இவர்களை மறுப்பது கடினம். மறுப்பதால் கடைக்காரருக்கு நட்டம்.

கருதலில் ஐந்தாவதாக ஒரு போலிக் கிளையும் உண்டு. எண்ணெய் கறுத்துவிட்டது, ஆகவே ஃபில்டர் மோசம் என்பது அது. எண்ணெயைக் கறுக்கச் செய்யும் கரித் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. அவற்றைப் பிடிக்கும் வேலை ஃபில்டருக்குத் தரப்படவே இல்லை. டீசல் காரில் புது எண்ணெய் சில நாள்களிலேயே கறுப்பது இதனால்தான். எண்ணெயில் கலந்த நீர், பெட்ரோல், அமிலம் ஆகியவற்றையும் ஃபில்டர் நீக்காது.

உரை: காண முடியாததும் கருதி அறிய முடியாததும் நம்பத்தக்கவர் சொல்லாலேயே பெறப்படும். ஆகவே ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது என்பது யார் சொல்லை நம்புவது என்பதைத் தேர்ந்தெடுப்பதே. சொல்பவர் மூவர்: மெக்கானிக், கடைக்காரர், காரின் கையேடு. மெக்கானிக் அனுபவத்தாலும், கடைக்காரர் கையிருப்பாலும் பேசுவர். எஞ்சினைச் செய்தவர் எழுதியது கையேடு ஒன்றே. அதுவோ கவர் பிரிக்கப்படாமல் டேஷ்போர்டில் உறங்குகிறது.

மைக்ரான் இயல்

பெட்டியின் மேல் '20 மைக்ரான்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது எதையும் சொன்னதாகாது. மனிதத் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான துகளைப் பிடிக்கும் என்பது பொருள். நூற்றுக்கு எத்தனையைப் பிடிக்கும் என்பதே கேள்வி. பத்துக் கேள்வியில் ஐந்துக்கு விடை சொன்ன மாணவனும் விடை சொன்னவனே. விளம்பரம் மதிப்பெண்ணைச் சொல்லாமல் அந்தப் பெயரை மட்டும் வாங்கிக்கொள்கிறது.

இதற்கான சோதனை முறை ஐ.எஸ்.ஓ. 4548-12. அளவு தெரிந்த சோதனைத் தூசியை எண்ணெயில் கலந்து, ஃபில்டர் வழியே திரும்பத் திரும்பச் செலுத்தி, நுழையும் துகளையும் வெளியேறும் துகளையும் எண்ணுவார்கள். இவ்விரண்டின் விகிதம் பீட்டா எனப்படும். இரண்டு நுழைந்து ஒன்று தப்பினால் பீட்டா 2. பிடிபட்டது 50 விழுக்காடு. 75 நுழைந்து ஒன்று தப்பினால் பீட்டா 75, பிடிபட்டது 98.7 விழுக்காடு. இரண்டு ஃபில்டரும் தங்களை 20 மைக்ரான் என்று அழைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் மிக நுண்ணிய தாளே சிறந்தது என்று கொள்வதும் பிழை. தாளின் கண் சிறுத்தால் ஓட்டம் தடைப்படும். பரப்பைக் கூட்டாமல் கண்ணை மட்டும் சிறுத்தால் தாள் விரைவில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் பைபாஸ் திறக்கும். திறந்தால் எதுவும் வடிகட்டப்படாது. எல்லாவற்றையும் பிடிக்க முயன்ற ஃபில்டர் முடிவில் எதையும் பிடிப்பதில்லை. நுண்மை, ஓட்டம், கொள்ளளவு ஆகிய மூன்றுக்கும் இடையே செய்த சமரசமே நல்ல ஃபில்டர்.

வேற்றுமையியல்

பார்வைக்கு ஒன்றாயிருந்து பயனில் வேறாகும் ஃபில்டர்கள் இவ்வியலில் அடங்கும். கார்களில் பரவலாகக் காணப்படும் மரைகளுள் இரண்டு: எம்20 × 1.5, முக்கால் அங்குலம்-16. முன்னதன் விட்டம் 20 மில்லிமீட்டர், புரியிடை 1.5 மில்லிமீட்டர். பின்னதன் விட்டம் 19.05 மில்லிமீட்டர், புரியிடை ஏறத்தாழ 1.59 மில்லிமீட்டர். எஞ்சினிலுள்ள முக்கால் அங்குல ஸ்டட்டில் எம்20 ஃபில்டர் சற்று லூசாக ஏறிவிடும். வாஷர் அமர்ந்ததும் இறுகியதுபோலவே கைக்குத் தெரியும். எஞ்சின் ஓடி எண்ணெய் அழுத்தம் சில பார் ஏறும்போது அந்த மரைக்குப் பிடிமானம் இராது. பிறகு எண்ணெய் சாலைக்கு வரும், சிவப்பு ஆயில் விளக்கு எரியும், உடனே நிறுத்தாவிட்டால் எஞ்சின் சீஸ் ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வேற்றுமை எஞ்சின் வேலை அளவுக்கு வளர்வதை இங்கே காண்க.

பெயர் ஒன்றாயிருந்து பொருள் வேறாவதும் உண்டு. மாருதி ஸ்விஃப்ட் என்ற ஒரே பெயரின் கீழ் பெட்ரோல் வண்டிக்கு ஸ்பின்-ஆன் டப்பாவும், முன்பு விற்கப்பட்ட 1248 சி.சி. டீசல் வண்டிக்குத் தகரமில்லாத எலிமென்ட்டும் வரும். 'ஸ்விஃப்ட்டுக்கு ஒரு ஆயில் ஃபில்டர்' என்று கேட்பவரிடம் கடைக்காரர் 'பெட்ரோலா, டீசலா, எந்த வருஷ மாடல்?' என்று திருப்பிக் கேட்பது இதனால்தான். அப்படிக் கேட்காமலே எடுத்து நீட்டும் கடையில் வாங்காதிருப்பது நலம்.

போலியியல்

சொல்வோரை நம்புவதே வழி என்றான பின், சொல்வோர் பெயரைத் திருடுவதும் தொழிலாகிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற உதிரிபாகச் சந்தைகளில் ஒரே காருக்கு மூன்று தரங்கள் கிடைக்கும்: கார் கம்பெனியின் பெட்டியில் வரும் 'ஜென்யூன்', ஃபில்டர் செய்வதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் தன் பெயரில் விற்பது, 'லோக்கல்'. முதலிரண்டும் சில வேளைகளில் ஒரே தொழிற்சாலையில் பிறந்து வெவ்வேறு பெட்டியில் வளர்பவை. மூன்றாவது குறைந்தபட்சம் தன்னை இன்னதென்று ஒப்புக்கொள்கிறது. ஆபத்து நான்காவதில் இருக்கிறது: ஜென்யூன் பெட்டிக்குள் இருக்கும் லோக்கல்.

போலியில் அச்சும் ஹோலோகிராமும் நன்றாகவே அமையலாம். சிக்கனம் தாளிலும் வால்விலும்தான் செய்யப்படும். பெட்டியிலுள்ள பாக எண்ணும் டப்பா மேலுள்ள எண்ணும் ஒத்திருத்தல், எம்.ஆர்.பி., உற்பத்தி மாதம் ஆகியவை அழியாமல் இருத்தல், கடைக்காரர் தயங்காமல் பில் போடுதல் ஆகிய மூன்றும் குறைந்தபட்சச் சோதனைகள். மூன்றாவதே கூர்மையானது.

பொருத்தியல்

சரியான ஃபில்டரைத் தவறாக மாட்டினால் தேர்வு வீண். பழையதைக் கழற்றியதும் அதன் வாஷர் கூடவே வந்ததா என்று பார்க்க வேண்டும். அது எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதை ஏற்றினால் இரண்டு வாஷருக்கும் இடையே எண்ணெய் பீறிடும். புது வாஷரில் விரலால் எண்ணெய் தடவி, கையால் திருகி, வாஷர் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று, அல்லது டப்பா மேல் எழுதிய அளவு, இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு இறுக்குபவர் அடுத்த சர்வீஸில் அதைக் கழற்றப் போகிறவர் வேறொருவர் என்ற நம்பிக்கையில் செய்கிறார். அந்த வேறொருவர் ஸ்க்ரூடிரைவரை டப்பாவுக்குள் குத்தி இறக்கித் திருக வேண்டியிருக்கும். மாட்டியபின் எஞ்சினை ஓட்டி, கசிவு பார்த்து, அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவு பார்க்க வேண்டும்.

மாற்றும் காலம் பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அது. இருமடங்கு காலம் மாட்டிவைத்த உயர்ந்த ஃபில்டரைவிட, வேளைக்கு மாற்றிய சாதாரண ஃபில்டர் மேல். சில நூறு ரூபாய்ப் பொருளைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் விவாதித்து, அதனால் மாற்றும் நாளைத் தள்ளிப்போடுபவர் இந்த ஆய்வை முழுவதும் படித்தும் பயன்பெறாதவர்.

புறனடை

கழற்றிய ஃபில்டருக்குள் எண்ணெய் தேங்கியிருக்கும். அதைக் கவிழ்த்து முழுவதும் வடியவிட்ட பிறகே ஒதுக்க வேண்டும். பயன்படுத்திய எண்ணெய் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருவது. வடித்ததைச் சாக்கடையில் ஊற்றலாகாது, கழிவெண்ணெய் வாங்குவதற்கு உரிமம் உள்ளவரிடம் சேர்க்க வேண்டும். இங்கே சொல்லாமல் விட்ட வண்டிகளுக்கும் எஞ்சின்களுக்கும் அவற்றின் கையேட்டில் உள்ள பாக எண்ணே விதி. கையேடு தொலைந்துபோனவருக்குக் கார் கம்பெனியின் உதிரிபாகப் பட்டியல் விதி. அதையும் பார்க்க மனமில்லாதவருக்கு, பில் போடும் கடையும் கையால் இறுக்கும் மெக்கானிக்கும் விதி.