கழற்றாது திருத்தல்: ஒரு நூற்பாவும் உரையும்

ஆடுங் காலை அசையா நிறுத்தலும்
கழன்ற மூட்டைக் கழற்றாது திருத்தலும்
இல்லத் தோர்தம் இயல்பென மொழிப.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், முன்னோர் விட்டுச்சென்ற தேக்கு நாற்காலி ஆட்டங்கண்டவிடத்து அதைப் பிரிக்காமலே செப்பனிடும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று. முன்னோராவார் தாத்தா. தேக்காவது பர்மாத் தேக்கு. தாத்தா உள்ளூர்த் தேக்கில் நாற்காலி செய்வித்தார் என்று சொல்லும் பேரன் இதுவரை பிறக்கவில்லை.

'இல்லத்தோர்' என்றதனால் ஆசாரி விலக்கப்பட்டார். அவரை விலக்கியது ஏனெனின், அவர் வந்ததும் நாற்காலியை ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்து, "முழுசா கழட்டித்தாங்க பூட்டணும்" என்பார். சொல்வது முற்றிலும் சரி. கொட்டாப்புளியால் நாலு தட்டுத் தட்டினால் கழற்றியும் விடுவார். பூட்ட வருவது என்றைக்கு என்பது பஞ்சாங்கத்துள் அடங்காது. இடைப்பட்ட காலத்தில் குறுக்குச் சட்டங்களில் ஒன்று கொடிக்கம்பை முட்டுக்கொடுக்கப் போய்விடும். ஆகவே கழற்றாமை என்பது தொழில்நுட்பத்தில் பிறந்ததன்று, அச்சத்தில் பிறந்தது என்க.

இனி, மூட்டு கழல்வதன் காரணம். காலில் துளை, சட்டத்தின் முனையில் கழுந்து. கழுந்து துளைக்குள் இறுகி நிற்பதே நாற்காலி. மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். பச்சை மரம் முற்றக் காய்ந்தாலும் நீளவாக்கில் பெரும்பாலும் 0.1 முதல் 0.2 சதவீதமே குறையும். அகலவாக்கில் அதைப்போலப் பல மடங்கு. கழுந்தும் காலும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்பதால் ஒன்று சுருங்கும் திசையில் மற்றது சுருங்காது. ஐப்பசி மழையில் உப்பும் கழுந்து துளையின் சுவரில் மோதித் தன் நாரைத் தானே நசுக்கிக்கொள்கிறது. சித்திரையில் காயும்போது முந்தைய அளவைவிடச் சற்று இளைத்துவிடுகிறது. இப்படிப் பல ஐப்பசி, பல சித்திரை. போதாததற்கு, பின்னங்கால் இரண்டில் மட்டும் நாற்காலியை நிறுத்திச் சாய்ந்தாடிய பையன்கள். இன்று அவர்களுக்கும் மூட்டுவலி என்பது ஆய்வுக்குப் புறம்பானது.

திருத்துவோருள் காகிதக் கட்சியார் தொன்மையானவர். தரையில் படாத காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வைப்பார். நாளிதழ் அமுங்கிவிடும், கல்யாணப் பத்திரிகையே சிறந்தது. ஆனால் குட்டைக்காலும் தளர்ந்த மூட்டும் வேறுவேறு நோய்கள் என்பதை இவர் அறியார். இவ்விடத்து அறிவியலாரும் உதவவில்லை. ஐரோப்பிய அணு ஆய்வுக்கூடமான செர்ன் அமைப்பின் இயற்பியலாளர் ஆந்த்ரே மார்த்தேன், மேடுபள்ளமான தரையிலும் சதுர மேசையைச் சுழற்றினால் எங்கேனும் ஓரிடத்தில் ஆடாமல் நிற்கும் என்று 2005-இல் நிறுவினார். தரையின் சரிவு 15 பாகைக்கு மிகாமலும் கால்கள் சம நீளமாகவும் இருத்தல் வேண்டும். நம் தரை சமம், கால்கள்தாம் சமமில்லை. சுழற்றினால் கால் கையோடு வரும்.

ஆணிக் கட்சியாரைப் பற்றி நீட்டிப் பேசுவது பாவம். ஆணி கழுந்தைப் பிளக்கும். பிறகு ஆசாரியே வந்தாலும் கழற்ற முடியாது. நூற்பாவுக்கு இதனினும் விசுவாசமான கட்சி இல்லை என்ற அளவில் அமைக.

பசைக் கட்சியுள் பூசல் உண்டு. யானைகள் இழுத்தும் பிரியாது என்று விளம்பரப்படுத்தும் வெள்ளைப் பசையை மேற்பூச்சாகத் தடவுவோர் ஒருசாரார். யானை இழுத்தால் பிரியாதிருக்கலாம். சித்தப்பா உட்கார்ந்தால் பிரிகிறது. தாத்தா காலத்து நாற்காலி பெரும்பாலும் வச்சிரத்தால், அதாவது விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சிய பசையால் ஒட்டப்பட்டது. அந்தப் பழம்பசை மேல் வெள்ளைப் பசை பிடிக்காது. சூடான புதிய வச்சிரமோ பழையதையும் இளக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். எனவே மூட்டில் கண்ணுக்கு மறைவான பக்கத்தில் 3 மில்லிமீட்டர் துளையிட்டு, 60 பாகை செல்சியஸ் அளவில் இளகிய வச்சிரத்தை ஊசிக்குழலால் உள்ளே செலுத்துக. கொதிக்கவிட்டால் வலுப்போகும், ஆறவிட்டால் ஊசிக்குள்ளேயே உறையும். உடனே கால்களுக்குத் துணி சுற்றிச் சணல் கயிற்றால் வளைத்துக் கட்டி, நடுவே குச்சி செருகி முறுக்கி, மறுநாள்வரை விடுக. கழற்றாமல் செய்யத்தக்கவற்றுள் உரையாசிரியன் துணிவு இதுவே. ஊசிபோட்டுக் கட்டுக்கட்டிய நிலையில் நாற்காலியை நலம் விசாரிக்க வருவோரை என்ன செய்வதென்பதற்கு விதியில்லை.

இத்துணையும் சொல்லி, பெருவழக்கு எதுவெனின், நாற்காலியை விட்டு உட்காருவோரைத் திருத்துவதே. வீட்டார் அதில் இடப்பக்கம் சாயாமல், இருமாமல், எழும்போது கைப்பிடியை ஊன்றாமல் அமரப் பழகியிருப்பார். பழகாத விருந்தினர் அதை நோக்கி நகர்ந்தவுடன் அடுக்களையிலிருந்து குரல் வரும்: "அண்ணே, அதுல வேண்டாம், இங்க உக்காருங்க." நெகிழி நாற்காலி நகர்த்தப்படும். கழற்றாது திருத்தல் அங்கே முற்றுப்பெறும்.

கடன்காரர் வந்தால் மட்டும் அந்தக் குரலை அடக்கிவைக்கலாமே என்பாரும் உளராலோ எனின், அது பொருந்தாது; வைத்தியச் செலவு வட்டியினும் மிகும்.